முயற்சி பிறக்கும் வீடு

ஒரு சமுதாயம் எத்தகைய மனிதனை வியந்து பேசுகிறதோ, அத்தகைய மனிதனாகவே அதன் பிள்ளைகள் வளர விரும்புவர். பாடசாலையிற் கற்ற நீதிபோதனைகளைப் பிள்ளைகள் மறந்துபோகலாம். ஆனால் இராச் சாப்பாட்டின்போது தந்தையும் தாயும் யாரைப் பற்றிப் பேசுகையில் அவர்களுடைய குரலிலே மரியாதை தொனித்தது என்பதை அவர்கள் மறப்பதில்லை. எனவே யாரை வியக்கிறோம், எதற்காக வியக்கிறோம் என்பது வெறும் விருப்பு வெறுப்பைப் பொறுத்த விடயமன்று. அது ஓர் ஒழுக்கப் பிரச்சினை.

சொந்தமாகத் தொழில் தொடங்கி, அதை வளர்த்து, பலருக்கு வேலை கொடுக்கும் மனிதனை எடுத்துக்கொள்வோம். எம்மிடையே அவனைப் பற்றி இரு வேறு பேச்சுக்கள் உண்டு. அவனுடைய மாடி வீட்டையும் வாகனத்தையும் மகளின் கலியாணத்தையும் கண்டு வாய் பிளக்கிறோம். எப்படிச் சம்பாதித்தான் என்று கேட்க மறந்துவிடுகிறோம். மறுநாளே, "வியாபாரி பொய் சொல்லாமற் பிழைக்க முடியுமா?" என்று அதே வாயாற் பழிக்கிறோம். முன்னையது பணத்தை வணங்குவது. பின்னையது பணத்தைக் கண்டு பொருமுவது. இரண்டுமே பணத்தை மட்டும் பார்க்கின்றன. அம்மனிதன் செய்த வேலையைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் ஒரு முயற்சியாளனிடம் மெய்யாகவே மதிப்பதற்குரியது எது? அக்குணத்தை அவன் எங்கே பெறுகிறான்? பணத்தைப் போல் அது பரம்பரையாக வருவதா, அல்லது எந்த ஏழை வீட்டிலும் வளர்க்கக்கூடியதா? இக்கேள்விகளைக் காற்றில் விட்டு ஆராய்வதிலும் பார்க்க, ஒரு மனிதருடைய வாழ்க்கையில் வைத்து ஆராய்வது பயன் தரும்.

வானொலிப் பெட்டியை எழுப்பிய கை

எமது நாட்டில் ஒரு காலத்தில் 'நஷனல்' என்ற பெயர் பொறித்த வானொலிப் பெட்டியைக் காணாத ஊர் இல்லை எனலாம். மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் பெருமையோடு தூக்கிவந்த பெட்டிகளில் 'நஷனல் பனசொனிக்' கசெற் வானொலியும் ஒன்று. அப்பொருள்களைச் செய்த யப்பானியக் கம்பனியைத் தொடங்கியவர் கொனொசுகே மற்சுஷிற்றா. 1894ஆம் ஆண்டு வக்கயாமா மாகாணத்துக் கிராமம் ஒன்றில், எட்டுப் பிள்ளைகளிற் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார்.

குடும்பம் ஓரளவு நிலபுலம் உள்ள குடும்பந்தான். ஆனால் தந்தையார் அரிசி விலை ஏறும் இறங்கும் என்று பந்தயம் பிடிக்கும் சந்தையில் இறங்கி, 1899ஆம் ஆண்டளவில் எல்லாவற்றையும் இழந்தார். வீட்டையும் காணியையும் விட்டுப் பட்டினத்துக்கு வந்து மரப் பாதணிக் கடை ஒன்றை வைத்தார், அதுவும் நிலைக்கவில்லை. அடுத்தடுத்து மூன்று பிள்ளைகளை நோய் கொண்டுபோயிற்று. பின்னர் தந்தையார் ஒசாக்கா நகருக்குச் சென்று, கண்பார்வையற்றோரும் வாய்பேசாதோரும் பயிலும் பாடசாலை ஒன்றில் வேலை தேடிக்கொண்டார். 1904ஆம் ஆண்டு, நாலாம் வகுப்பைக்கூட முடிக்காத ஒன்பது வயதுக் கொனொசுகே, தாயைப் பிரிந்து அதே நகருக்கு வேலைக்கு அனுப்பப்பட்டான். முதலில் நெருப்புத் தணற்சட்டி விற்கும் கடை. மூன்று மாதத்தின் பின் சைக்கிள் கடை.

இவ்விடத்தில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பையனுக்குப் பதினொரு வயதானபோது, தமக்கை ஒசாக்காவில் தபாற் கந்தோரின் சேமிப்புப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பையன் ஒருவனும் தேவைப்பட்டான். தம்பி பகலில் அங்கே பியோனாக இருந்துகொண்டு இரவுப் பாடசாலைக்குப் போகலாம். தாயோடு ஒரே வீட்டில் வாழலாம். தாய் பெரிதும் விரும்பினாள், பையனும் ஆசைப்பட்டான். தந்தையார் மறுத்துவிட்டார். "நீ தொழிலையே பழகு, ஒருநாள் சொந்தமாகத் தொழில் தொடங்குவாய், படித்தவர்களை நீயே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்ற கருத்துப்படத் தந்தையார் கூறியதைப் பிற்காலத்தில் மற்சுஷிற்றாவே நினைவுகூர்ந்திருக்கிறார். அடுத்த ஆண்டு, 1906இல், அத்தந்தை இறந்துபோனார்.

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்கவேண்டும்" என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்த எமக்கு இந்தத் தகப்பன் செய்தது பைத்தியக்காரத்தனமாகவே தோன்றும். அவர் செய்தது சரியா என்று வாதாடுவது எமது நோக்கமன்று. படிக்க விரும்பிய பிள்ளையைத் தடுத்தது ஒரு பெருநட்டமாகவும் முடிந்திருக்கலாம். ஆயினும் அவருடைய சொல்லில் வியப்புக்குரிய ஒன்று உண்டு. வியாபாரத்தில் விழுந்து, மானமிழந்து, பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், "என்னைப் போல நீயும் கெட்டுப்போகாதே" என்று மகனை அச்சுறுத்தவில்லை. தமது தோல்வியைப் பிள்ளையின் தலையில் ஏற்றவில்லை. உன்னால் முடியும் என்றார். அந்த வீட்டில் அவர் விட்டுச்சென்ற முதுசம் அந்த ஒரு வார்த்தைதான்.

கடையிற் கற்ற பாடங்கள்

சைக்கிள் கடைக்கு வருவோர் பையனைச் சிகரெட் வாங்கிவர அனுப்புவது வழக்கம். ஒவ்வொரு முறையும் கை கழுவிக்கொண்டு ஓடவேண்டும். பையன் யோசித்தான். இருபது பெட்டி சேர்த்து வாங்கினால் ஒன்று இலவசமாகக் கிடைக்கும். முன்கூட்டியே வாங்கி வைத்தான். ஓட்டமும் குறைந்தது, சில்லறை ஆதாயமும் கிடைத்தது. கெட்டித்தனந்தான்! ஆனால் கூட வேலை செய்த பையன்கள் முணுமுணுத்தார்கள். முதலாளி அதை நிறுத்தச் சொன்னார். தனக்கு மட்டும் சேரும் ஆதாயம், அது நேர்மையானதாயினும், கூட இருப்பவர்களின் மனத்தைக் கசக்கச் செய்யும் என்பதைச் சிறு வயதிலேயே அவர் கண்டுகொண்டார்.

இன்னொரு பாடம். பதின்மூன்று வயதளவில், ஒரு வாடிக்கையாளருக்குத் தனியே சைக்கிள் ஒன்றை விற்கும் வாய்ப்பு வந்தது. பத்து வீதம் விலை குறைப்பதாக அவரிடம் ஒத்துக்கொண்டு வந்துவிட்டான். முதலாளி ஐந்து வீதத்துக்கு மேல் குறைக்க மறுத்தார். பையன் அழுதான். "நீ எந்தக் கடைப் பையன், எங்கள் கடையா அவருடைய கடையா?" என்று முதலாளி கேட்டாராம். நடந்ததை அறிந்த வாடிக்கையாளர் மனமிளகி, ஐந்து வீதக் கழிவோடு சைக்கிளை வாங்கியது மட்டுமன்றி, இந்தப் பையன் இருக்கும்வரை இக்கடையிலேயே வாங்குவேன் என்றும் சொன்னார். அவரை வென்றது சாமர்த்தியமான பேச்சன்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியவில்லையே என்று ஒரு பிள்ளை சிந்திய கண்ணீர்.

அக்கடையின் முதலாளியும் மனைவியும் பையனைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே வளர்த்தனர். குடும்பம் என்று நாம் சொல்லும்போது, பெற்ற வீட்டை மட்டும் நினைத்துவிடக்கூடாது. கண்டித்தும் அரவணைத்தும் தொழில் பழக்கிய வீடும் குடும்பமே.

மனைவியின் சேலைப்பெட்டி

1910இல் மற்சுஷிற்றா மின்சாரக் கம்பனி ஒன்றிற் சேர்ந்தார். வயரிங் வேலையிலிருந்து உயர்ந்து, இளவயதிலேயே பரிசோதகர் ஆனார். நல்ல சம்பளம், இலேசான வேலை. ஆனால் அவர் மனம் தாமே திருத்தி அமைத்த ஒரு மின்குமிழ்ச் சொக்கெற்றிலே கிடந்தது. மேலதிகாரியிடம் காட்டினார், அது உதவாது என்று தள்ளப்பட்டது. 1917இல், 22ஆவது வயதில், வேலையை விட்டார். கையில் நூறு யென்னுக்கும் குறைவு. அதுவும் ஐந்து மாதச் சம்பளத்துக்கு மேற்படாத தொகை.

இரண்டு சிறிய அறைகள் கொண்ட வாடகை வீட்டின் தரையைத் தோண்டி வேலைத்தலம் அமைத்தார்கள். மனைவி முமெனோ, மனைவியின் தம்பியான 14 வயதுத் தோஷியோ இயுயே, பழைய நண்பர் இருவர் ஆகியோரே கூட்டாளிகள். சொக்கெற்றுக்கு வேண்டிய மின்காப்புக் கலவையை எப்படிச் செய்வதென்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்காலத்தில் அது ஒவ்வொரு தொழிற்சாலையும் பொத்திப் பாதுகாத்த இரகசியம். தொழிற்சாலைகள் வெளியே வீசிய துண்டுகளைப் பொறுக்கி வந்து ஆராய்ந்தார்கள். ஒருவாறு சொக்கெற் உருவாயிற்று, ஆனால் வாங்குவாரில்லை. பத்து நாள் அலைந்து நூறளவில் விற்றார்கள். கிடைத்தது பத்து யென்னுக்கும் குறைவு. நண்பர்கள் இருவரும் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள்.

எஞ்சியது குடும்பம். முமெனோ தன் கிமோனோ உடைகளையும் நகைகளையும் ஒவ்வொன்றாக அடைவு வைத்து அடுப்பெரித்தாள். அவ்வாண்டு மார்கழியில், எதிர்பாராத இடத்திலிருந்து வேலை வந்தது. சொக்கெற்றுக்கன்று, மின்விசிறிக்கு வேண்டிய காப்புத் தட்டுக்கள் ஆயிரம்! மூவரும் இரவு பகலாக உழைத்துக் குறித்த நாளிற் கொடுத்தார்கள். 1918 மார்ச் 7ஆம் திகதி கம்பனி முறையாகத் தொடங்கியது. இயந்திரம் என்று சொல்லத்தக்கது அதிகம் இருக்கவில்லை. ஒருவரை ஒருவர் கைவிடாத மூன்று பேர் இருந்தார்கள்.

இரகசியத்தைப் பகிர்ந்தவர்

இனித்தான் எமது கேள்விக்கு விடை தொடங்குகிறது. வேலை பெருகியபோது வெளியாட்களைச் சேர்க்க நேர்ந்தது. கலவையின் இரகசியத்தை உறவினருக்கு மட்டும் சொல்வதே அத்தொழிலின் வழமை. மற்சுஷிற்றா புதிதாகச் சேர்ந்த தொழிலாளருக்கும் அதைக் கற்பித்தார். ஆபத்து என்று அத்தொழிலில் உள்ளவர்கள் எச்சரித்தார்கள். நம்பி வேலை கொடுத்தால் மனிதர் அவ்வளவு இலகுவில் துரோகம் செய்யமாட்டார் என்பது அவருடைய எண்ணம். குப்பையிலே துண்டு பொறுக்கி இரகசியம் தேடிய மனிதர், அந்த இரகசியத்தைத் தம் வீட்டுக்குள்ளே பூட்டி வைக்கவில்லை. சில தொழிலாளரே இருந்த அந்த நாளிலேயே, மாதாமாதம் எவ்வளவு விற்றது, எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கையும் அவர்களுக்குச் சொல்லிவந்தார். முமெனோ அங்கேயே தங்கி வேலை பழகிய பையன்களுக்குச் சமைத்துப் போட்டு, அவர்களுக்குத் தாயாக இருந்தாள்.

இந்த நம்பிக்கைக்குச் சோதனை 1929 மார்கழியில் வந்தது. உலகப் பொருளாதார மந்தம் யப்பானையும் தாக்க, விற்பனை பாதியாகியது. களஞ்சியங்களிற் பொருள் தேங்கியது. மற்சுஷிற்றா நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். இயுயேயும் மற்றோர் அதிகாரியும் வந்து, தொழிலாளரைப் பாதியாகக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அவர் கொடுத்த பதில் வேறு. உற்பத்தியை உடனே பாதியாக்குங்கள், அரைநாள் வேலை, ஆனால் ஒருவரையும் நிறுத்தவேண்டாம், முழுச் சம்பளம் கொடுங்கள், உத்தியோகத்தர்கள் விடுமுறையையும் விட்டு, தேங்கிய பொருளை விற்கப் புறப்படட்டும். இரண்டு மாதத்திற் களஞ்சியம் வெறுமையாயிற்று. முழுநாள் வேலை மீண்டும் தொடங்கியது.

வியக்கவேண்டியது இதைத்தான் என்பேன். நூறு யென் கோடிகளாகப் பெருகியது ஒரு செய்தி, அவ்வளவுதான். மற்றவர்களுடைய உலைக்குத் தாம் பொறுப்பாளி என்று ஒருவர் ஏற்றுக்கொண்டதே ஒழுக்கம். தந்தை மகனை நம்பினார். மனைவி கணவனை நம்பினாள். அந்த நம்பிக்கையை அவர் வீட்டு வாசலோடு நிறுத்தாமல், பெயர் தெரியாத தொழிலாளிவரை கொண்டுபோனார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் வாணிபத்தைப் பற்றி ஆராய்ந்தபோது, இலாபம் தன்னளவில் நல்லதுமன்று, தீயதுமன்று என்றே முடிவு கண்டார். வீட்டைப் பேணவும், இல்லாதோருக்கு உதவவும், நாட்டுக்கு வேண்டிய பொருள் குறைவுபடாதிருக்கவும் அது நாடப்பட்டால் நேர்மையானது. இலாபமே முடிவான குறிக்கோளானால் நேர்மை கெடும் என்றார். 1991இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் தமது சமூகச் சுற்றுமடலில், பிறரின் தேவையை முன்கூட்டி உணர்ந்து பலருடைய உழைப்பை ஒருங்கிணைக்கும் ஆற்றலைப் பாராட்டினார். ஆனால், ஒரு ஸ்தாபனத்தின் கணக்கு ஒழுங்காக இருக்கும்போதே அதன் மனிதர் அவமதிக்கப்படவும் கூடும் என்று அவரே எச்சரித்தார். இலாபக் கணக்கோடு இன்னொரு கணக்கும் பார்க்கப்படவேண்டும் என்பதே இரண்டின் சாரமும்.

எமது வீடுகள்

இனி எமது வீடுகளை நோக்குவோம். முயற்சி எமது மண்ணுக்குப் புதியதன்று. தென்னிலங்கை ஊர்களிற் சுருட்டுக்கடை வைத்து வாழ்ந்த வடபகுதி வணிகர்கள் பலர். தோட்டக்காரன் ஒவ்வொரு போகமும் மழையையும் சந்தையையும் நம்பி முதலைப் போடுகிறான். மீனவன் ஒவ்வோர் இரவும் கடலை நம்பி வலையைப் போடுகிறான். இவர்களைவிடத் துணிந்த முயற்சியாளர் யார்? அப்படியிருந்தும், இவர்கள் தம் பிள்ளைகளிடம், "நான் பட்ட பாடு உனக்கு வேண்டாம்" என்றுதான் சொல்கிறார்கள். அதில் அன்பு உண்டு. வரண்ட மண்ணில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமுமே பாதுகாப்பு என்று எமது முன்னோர் கண்டது பிழையுமன்று. ஆனால் 2022இல், கொழும்பு விலைச்சுட்டெண்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டபோது, அந்தப் பாதுகாப்பும் எவ்வளவு மெல்லியது என்பதை மாதச் சம்பளக்காரர் ஒவ்வொருவரும் கண்டனர்.

மற்சுஷிற்றாவின் கதையிலிருந்து எந்த வீடும் கைக்கொள்ளக்கூடிய குணங்கள் சில உண்டு.

முதலாவது, தோல்வியை அவமானமாக்காமை. கடை பூட்டப்பட்டால், "அப்பவே சொன்னேன்" என்று உறவினர் வரிசையில் வந்து சொல்லும் வழக்கம் எம்மிடம் உண்டு. பரீட்சையிற் தவறிய பிள்ளையை ஊர் கண்ணிற் படாமல் மறைக்கும் வீடுகள் உண்டு. விழுந்தவனை ஏற்றுக்கொள்ளாத வீட்டில் எவன் துணிந்து எழுந்து நடப்பான்?

இரண்டாவது, பிள்ளையின் கையிற் பொறுப்பைக் கொடுத்தல். ஒன்பது வயதுப் பிள்ளையை வேலைக்கு அனுப்பியது அக்காலத்து வறுமையின் கொடுமை. அதைப் பின்பற்றச் சொல்வார் எவருமிலர். ஆனால் எமது பிள்ளைகளோ பதினெட்டு வயதுவரை ரியூஷனுக்கும் வீட்டுக்குமாக ஓடி, ஒரு சந்தைக் கணக்கைக்கூடத் தனியே பார்க்காது வளர்கிறார்கள். வீட்டில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது, எவ்வளவு கடன் என்பதைப் பிள்ளைகளுக்கு மறைக்கிறோம். தொழிலாளருக்கே கணக்கைத் திறந்து காட்டிய அந்த மனிதரை நினைத்தால், சொந்தப் பிள்ளைக்கு மறைப்பது எவ்வளவு விந்தை!

மூன்றாவது, மனைவியைப் பங்காளியாகக் கொள்ளுதல். முமெனோவின் கிமோனோக்கள் அவள் மனமுவந்து அடைவு வைத்தவை. எவரும் கேட்டு வாங்கியவையல்ல. எமது மணவறைகளிலோ மாப்பிள்ளையின் தொழிலுக்கு முதல் என்று பெண் வீட்டாரிடம் சீதனம் வாங்கப்படுகிறது. பின்னர் அப்பணத்தை என்ன செய்வதென்று தீர்மானிக்கும்போது பெண்ணிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படுவதில்லை. பணத்தைக் கொண்டுவந்தவளுக்குச் சொல்லுரிமை இல்லாத வீட்டில் தொழிலும் தழைக்காது, அன்பும் தழைக்காது.

நான்காவதே கடினமானது: இரத்த உறவைத் தாண்டி நம்புதல். எமது குடும்பங்களின் பெரிய பலம் ஒருவரையொருவர் தாங்குவது. தமையன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தில் தங்கை கரைசேர்கிறாள். போரால் எல்லாம் அழிந்த பின்னும் 2009இற்குப் பிறகு பல வீடுகள் நிமிர்ந்தது அதனாற்றான். ஆனால் அதே பலம் பலவீனமும் ஆகிறது. உறவினன் என்றால் கல்லாவிற் குந்தவைப்போம். திறமையுள்ள வெளியாளைக் கடைசிவரை சந்தேகத்தோடே பார்ப்போம்.

மற்சுஷிற்றாவும் குடும்பத்தைக் கைவிட்டவரல்லர். அவருடைய ஒரே ஆண்குழந்தை இறந்துபோகவே, யப்பானிய வழமைப்படி மருமகனை மகனாகச் சுவீகரித்து, 1961இல் தலைமையை ஒப்படைத்தார். மைத்துனர் இயுயே போருக்குப் பின் பிரிந்துசென்று, 1947இல் 'சன்யோ' ஸ்தாபனத்தைத் தொடங்க, அவருக்கு சைக்கிள் விளக்குச் செய்யும் உரிமையைக் கொடுத்து அனுப்பினார். பிரிந்தவனைப் பகைவனாக்கவில்லை. ஆனால் 1977இல், மருமகனுக்குப் பின் தலைவராக வந்தவர் தோஷிஹிக்கோ யமஷிற்றா. அவர் உறவினரல்லர், 26 பணிப்பாளர்களில் 25ஆம் நிலையில் இருந்த ஒருவர். குடும்பம் தொழிலைப் பெற்றது. தொழில் குடும்பத்தைவிடப் பெரிதாக வளர்ந்தபோது, குடும்பம் வழிவிட்டது.

மறுபக்கம்

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. இப்பெரியாரின் கம்பனி, போர்க்காலத்தில் இராணுவத்தின் வேண்டுகோளை ஏற்று மரக்கப்பல்களையும் மரவிமானங்களையும் கட்ட 1943இல் இறங்கியது. போரின் பின் ஆக்கிரமிப்புப் படையினர் அதன்மீது கடும் கட்டுப்பாடுகளை விதித்தனர். அவரையே பதவியிலிருந்து அகற்றவும் முயன்றனர். அப்போது அவரை விட்டுவிடும்படி மனுக்கொடுத்தது அவருடைய தொழிலாளர் சங்கம். முதலாளிக்காகத் தொழிற்சங்கம் பரிந்து பேசுவது அரிதினும் அரிது. எனினும் அந்த அன்பு, போர்க்கருவி செய்த குற்றத்தைக் கழுவிவிடாது. 1950இல் நெருக்கடி முற்றியபோது, ஒரு பகுதித் தொழிலாளரை விலக்கவும் நேர்ந்தது. 1929இன் உறுதி எல்லாக் காலத்திலும் நிலைக்கவில்லை.

அவருடைய கொள்கையிலும் ஒரு குறை உண்டு. குழாய்த் தண்ணீர் போலப் பொருள்களை ஏராளமாகவும் மலிவாகவும் செய்துவிட்டால் வறுமை ஒழியும் என்று 1932இல் அவர் தம் உத்தியோகத்தர் முன்னிலையிற் பிரகடனம் செய்தார். அது ஏழைகளை நினைந்து எழுந்த உயர்ந்த எண்ணமே. ஆனால் இன்று பொருள்கள் குவிந்துவிட்டன, உடைந்த மின்சாதனங்களும் பிளாஸ்ரிக்கும் மலையாகக் கிடக்கின்றன, வறுமையோ போகவில்லை. பொருளைப் பெருக்குவது ஒன்று, பங்கிடுவது வேறொன்று.

இன்னும் ஒரு தடை உண்டு. முயற்சி செய்தால் எவரும் முன்னேறலாம் என்று ஏழைகளுக்குப் போதிப்பது சுலபம். அவருடைய உடன்பிறந்தார் மூவரையும் நோய் கொண்டுபோயிற்று என்று முன்னர் கண்டோம். அவர்களில் ஒருவர் அவரைவிடக் கெட்டிக்காரராக இருந்திருக்கலாம். எழுந்தவன் கதையைப் பேசுகிறோம். எழ முடியாமற் போனவர்களின் கதையை எழுத ஆளில்லை. வடக்கிலும் கிழக்கிலும் சுயதொழில் என்ற பெயரில் நுண்கடனை வாங்கி, வாராவாரம் படலையைத் தட்டும் கடன்காரனுக்கு ஒளித்து வாழும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்களிடம் முயற்சிக்குக் குறைவில்லை. குறைந்தது, விழும்போது தாங்கும் கை. நம்பிக்கையும் துணையும் இல்லாத இடத்தில் கடனை மட்டும் கொடுத்து "முயற்சி செய்" என்பது, நீந்தத் தெரியாதவனைக் கிணற்றிற் தள்ளிவிட்டுக் கரையில் நின்று கைதட்டுவது போன்றது.

ஆகவே முயற்சியாளனை மதிப்போம்; ஆனால் அளந்து மதிப்போம். அவன் எவ்வளவு சேர்த்தான் என்று கேட்பதற்கு முன், அவனோடு உழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்போம். அவனுடைய துணிவைப் பாராட்டும்போது, அத்துணிவுக்காக நகையைக் கழற்றியவளையும் சேர்த்துப் பாராட்டுவோம். அவன் எழுந்த கதையைச் சொல்லும்போது, விழுந்த நாளில் யார் கைகொடுத்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.

1989இல், 94ஆவது வயதில், மற்சுஷிற்றா காலமானார். அவர் தொடங்கிய கம்பனி 2008இல் அவருடைய பெயரை விட்டுப் 'பனசொனிக்' என்ற பெயரைச் சூடிக்கொண்டது. பெயர் போய்விட்டது; 'நஷனல்' பெட்டிகளும் எமது வீட்டு மூலைகளில் ஓய்ந்துவிட்டன. ஆனால் எல்லாவற்றையும் இழந்த ஒரு தகப்பன் தன் மகனிடம் "உன்னால் முடியும்" என்று சொன்ன அந்த வார்த்தைக்கு இன்றும் விலையில்லை. அதைச் சொல்லக் காணி வேண்டாம், காசு வேண்டாம். இன்று இரவு எமது வீட்டிலும் அதைக் கேட்கக் காத்திருக்கும் பிள்ளை ஒன்று இருக்கக்கூடும்.